மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு: அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான ஒரு மதிப்புரை

மதுரையில் இருந்துகொண்டே அறிவியலிலோ பொறியியலிலோ முனைவர் பட்டம் பெற முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே பதில். எந்த ஆய்வுக்கூடத்தில், எந்த நெறியாளரிடம், யார் கொடுக்கும் பணத்தில் என்று அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் பதில் இடத்துக்கு இடம் மாறுகிறது. முதுகலை மாணவர்களுக்கு அறிவியல் கற்பிப்பவன் நான். படிப்பை முடிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இந்தக் கேள்விகளோடு வருகிறார்கள். அவர்களுக்காக இங்குள்ள ஆய்வுக்கூடங்களைத் தேடிப்போய்ப் பார்ப்பதும், சேர்ந்தவர்களிடம் பிறகு விசாரிப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டன. காசு கொடுத்து ஒரு சேவையைப் பெறுபவர் அதை எவ்வளவு கண்டிப்போடு எடைபோடுவாரோ, அவ்வளவு கண்டிப்போடு இந்த வாய்ப்புகளையும் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. மாணவர் இங்கே கொடுக்கும் விலை அவருடைய இருபதுகளின் பிற்பாதி முழுவதும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வட்டாரத்திலேயே கிடைக்கும் பொருளை எடுத்துக்கொண்டு எழுந்தவை: இங்குள்ள குகை, இங்குள்ள வயல், இங்குள்ள குப்பை, இங்குள்ள கொசு. அத்தகைய பொருளைக் கையில் வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தில் சேரும் மாணவருக்குச் சென்னையையும் பெங்களூருவையும்விட மதுரையே நல்ல இடம். பெருநகரக் கூடங்கள் விலையுயர்ந்த கருவிகளைக் கொண்டு செய்துகொண்டிருக்கும் வேலையை, அந்தக் கருவிகள் இல்லாமலே இங்கிருந்து செய்ய முயலும் கூடங்களும் உண்டு. அவற்றில் சேர்பவர், மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதிலேயே ஆண்டுகளைக் கழிக்கிறார்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தோன்றி 1978இல் காமராசர் பெயரைப் பெற்ற இந்நிறுவனம், தேனி சாலையில் நாகமலையை ஒட்டி விரிந்து கிடக்கிறது. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், உயிரித்தொழில்நுட்பம் எனத் துறைகளைப் புலங்களாகத் தொகுத்து வைத்திருப்பது இதன் அமைப்பு. நாட்டில் உயிரித்தொழில்நுட்பத்தில் முதுகலைப் படிப்பை 1980களின் நடுவில் தொடங்கிய முதல் சில பல்கலைக்கழகங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் இந்த வளாகத்தின் ஆய்வு மரபைப் பற்றிக் கேட்கும் மாணவரிடம் நான் முதலில் சொல்வது வௌவால்களைப் பற்றித்தான்.

உயிர்களின் உடலுக்குள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் நேரக் கணக்கை ஆராயும் காலவுயிரியல், 1970களில் எம். கே. சந்திரசேகரன் தலைமையில் இங்கே வேரூன்றியது. அதற்கு வேண்டிய ஆய்வுக்கூடத்தைப் பக்கத்து மலைக்குகைகளே கொடுத்தன. குகையின் இருட்டுக்குள் தனியே அடைத்து வைக்கப்பட்ட ஒரு வௌவால், அதே குகையில் கட்டின்றி வாழும் மற்ற வௌவால்கள் மாலையில் கிளம்புவதையும் விடியலுக்கு முன் திரும்புவதையும் உணர்ந்து, தன் உடலின் நாள்கணக்கை அவற்றோடு பொருத்திக்கொள்கிறது என்று ஜி. மாரிமுத்து, எஸ். ராஜன், சந்திரசேகரன் ஆகிய மூவரும் 1981இல் காட்டினார்கள். வெளிச்சம் மட்டுமல்லாமல் கூட்டத்தின் நடமாட்டமும் ஒரு கடிகாரமாக இருக்க முடியும் என்பது உலக அளவில் பேசப்பட்ட முடிவு. பின்னர் கடிகாரமும் சன்னலும் இல்லாத தனி அறை ஒன்றை இவ்வளாகத்தில் கட்டி, மனிதர்களை அதில் தங்கவைத்து அவர்களுடைய உறக்கத்தையும் விழிப்பையும் பதிவு செய்தார்கள். குகைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்ததும், இரவெல்லாம் அங்கே உட்காரத் துணிந்த ஆய்வாளர்கள் இருந்ததும்தான் அந்தப் பணியின் மூலதனம்.

இன்றைய நிலை வேறு. அண்மை ஆண்டுகளில் இப்பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கியதும், ஊதியமும் ஓய்வூதியமும் தாமதமானதும் செய்தித்தாள்களில் வெளிவந்தவை. ஆசிரியப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் இருப்பது ஆய்வு மாணவரை நேரடியாகப் பாதிக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்க முடியும் என்பதால், ஒரு பேராசிரியர் ஓய்வுபெற்று அந்த இடம் காலியாகவே கிடந்தால் எட்டு ஆய்வு இடங்கள் மறைந்துவிடுகின்றன. கருவிகளின் கதையும் இதுவே. மூலக்கூறுகளின் அமைப்பை அறிய உதவும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியை ஒரு திட்ட நிதியில் வாங்கிவிடலாம். அதன் காந்தத்தைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்கத் திரவ ஹீலியத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத் திட்டம் முடிந்த பிறகு யார் பணம் கொடுப்பது? எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், கருவி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், கடந்த ஆறு மாதங்களில் அதில் எடுத்த தரவு ஏதாவது இருக்கிறதா என்று மூத்த ஆய்வாளரிடம் கேட்டுப் பார்க்கும்படி மாணவர்களுக்குச் சொல்கிறேன். இவ்வளவுக்கும் பிறகும், களத்துக்கு இறங்கி வேலை செய்யும் உயிரியல், தாளும் கணினியும் போதும் என்னும் கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் ஆகியவற்றுக்கு இவ்வளாகத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். விலையுயர்ந்த கருவியை அன்றாடம் நம்பியிருக்கும் வேதியியலுக்கு, நெறியாளரிடம் நடப்பில் உள்ள திட்ட நிதி இருந்தால் மட்டுமே.

பொறியியலுக்கு வருவோம். திருப்பரங்குன்றம் சாலையில் கருமுத்து தியாகராசர் 1957இல் நிறுவிய தியாகராசர் பொறியியல் கல்லூரி, அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இங்கே சேரும் ஆய்வாளர் அன்றாடம் உழைப்பது மதுரையில், பதிவும் பட்டமும் கிண்டியில். ஆய்வுக் குழுக் கூட்டம், பாடத்தேர்வு, ஆய்வுச் சுருக்கம் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு தாள் சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், அலுவலக நடைமுறையில் பொறுமை உள்ளவர்களுக்கே இந்த ஏற்பாடு பொருந்தும். அண்ணா பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் இதழ்களின் பட்டியலை ஆய்வாளர்கள் 'அனெக்சர்' என்றே சொல்வார்கள். அந்தப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தாக வேண்டும் என்ற கவலை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தக் கண்டிப்பு நல்லது என்றே நான் நினைக்கிறேன், அதனால் சிலருக்கு ஓராண்டு கூடுதலாகப் போனாலும்.

இந்தக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் பணியை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. தெருவில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளையும் கோப்பைகளையும் பொடியாக நறுக்கி, சூடேற்றிய ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் படலமாகப் படிகிறது. அதன் பிறகு தார் சேர்த்தால் பிடிப்பு வலுக்கிறது, கல்லுக்குள் நீர் புகுவது குறைகிறது, தாரின் தேவையும் ஓரளவு குறைகிறது. பிளாஸ்டிக்கைத் தாரோடு கலக்காமல் முதலில் கல்லோடு சேர்த்ததுதான் இதன் நுட்பம். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆய்வுப் பொருளைத் தேடி மாதக்கணக்கில் கட்டுரைகளைப் புரட்டும் மாணவர்களுக்கு இந்த உதாரணத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறேன்: கேள்வி உள்ளூரில் கிடைத்தது, சோதனைக்கு வேண்டிய பொருளும் உள்ளூரில் கிடைத்தது, முடிவு நாடு முழுவதும் பயன்பட்டது. கீழக்குயில்குடிச் சாலையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல வளாகம் ஒன்றும் இருக்கிறது. வேளாண் அறிவியலுக்கு ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருப்பதால், பயிர் சார்ந்த ஆய்வை விரும்புபவர் கோயம்புத்தூருக்கே போக வேண்டும் என்பதில்லை.

மாணவர்களும் பெற்றோர்களும் கவனிக்கத் தவறும் பகுதி இனிமேல்தான் வருகிறது. பல்கலைக்கழகம், கல்லூரி என்ற பெயர்ப்பலகை இல்லாத இடங்களிலும் இங்கே முனைவர் பட்டத்துக்கான ஆய்வு நடக்கிறது. என் கணிப்பில் இந்த வட்டாரத்தின் சிறந்த வாய்ப்புகளில் பாதி அங்கேதான் இருக்கின்றன.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக எல்லோருக்கும் தெரியும். அதன் ஆராய்ச்சி அறக்கட்டளையில் மருத்துவர் அல்லாத உயிரியல், உயிர்வேதியியல் மாணவர்களும் ஆய்வு செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கதிர் அறுக்கும்போது பயிரின் தாளோ தூசியோ கண்ணில் பட்டு, அதன் வழியே பூஞ்சை புகுந்து கருவிழி புண்ணாவது நம் பக்கத்து வயல்வேலைக்காரர்களிடம் அதிகம் காணப்படும் நோய். மேலை நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அரிதாகக் கிடைக்கும் மாதிரி இங்கே வெளிநோயாளர் பிரிவிலேயே கிடைக்கிறது. நோயாளி, மருத்துவர், நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் மதிப்பு, மாதிரிக்காக மருத்துவமனை மருத்துவமனையாக அனுமதி கேட்டு அலைந்த ஆய்வாளருக்குத் தெரியும்.

சின்னச் சொக்கிகுளத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சியியல் மையம் இருக்கிறது. முன்பு தனி நிறுவனமாக இருந்து, இப்போது புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு மையத்தோடு இணைந்துவிட்டது. நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்களையும், அவை பரப்பும் ஜப்பானிய மூளையழற்சியையும் ஆராய்வது இதன் பழைய சிறப்பு. விலங்கியல் படித்தவர்கள் வேலை கிடைக்கவில்லை என்று வருந்துவதற்கு முன் ஒருமுறை இங்கே வரும் திட்டப் பணியிட அறிவிப்புகளைப் பார்க்கலாம்.

இயற்பியலாருக்கு நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் மையம். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலைக்கு அடியில் அமைக்கத் திட்டமிட்ட 50,000 டன் இரும்புக் கருவி எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் நின்றுபோன கதை ஊரறிந்தது. அந்தச் சர்ச்சையின் சரி தவறுக்குள் இங்கே நான் போகவில்லை. அந்தத் திட்டத்துக்காக மதுரையில் நிறுவப்பட்ட உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில், 11 அடுக்கு இரும்புத் தகடுகளும் இடையிடையே துகள் உணரிகளும் கொண்ட 85 டன் சிறிய மாதிரிக் கருவி 2018 முதல் வானிலிருந்து பொழியும் மியூவான் என்னும் நுண்துகள்களைப் பதிவு செய்துவருவதை மட்டும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் ஆய்வு செய்வதற்கான வழி மதுரையில் இல்லை, மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகவும் கூட்டு நிறுவனங்களின் வழியாகவும் செல்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கருவிக்கு மும்பை வழியாகப் போக வேண்டியிருப்பது வேடிக்கைதான். இதே போலக் கொடைக்கானலில் 1899 முதல் இருக்கும் சூரிய ஆய்வகத்துக்கும் வாசல் பெங்களூருவில் இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் முனைவர் பட்டத் திட்டத்தில் சேர்பவர்களுக்கே, நூறாண்டுக்கும் மேலான அந்தச் சூரியப் படங்களின் தொகுப்போடு முழுநேரம் உறவாடும் வாய்ப்பு.

மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். மின்கலம், உலோக அரிப்பு, மின்முலாம் என்று இந்தத் துறையில் இந்தியாவில் இதற்கு இணையான இடம் இல்லை. வேதியியல், பொருள் அறிவியல் மாணவர்களுக்கு மதுரைக்குள் தேடி அலைவதை விட்டுவிட்டு நேராக இங்கே விண்ணப்பிக்கும்படி சொல்வேன். இங்கே பட்டம் வழங்குவது சி.எஸ்.ஐ.ஆர். என்னும் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வுக்கூடங்களுக்கென நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த கழகம். அதன் பாடத்திட்டத்தில் சில வாரங்கள் கிராமப்புறத் தேவை ஒன்றை எடுத்துச் செய்ய வேண்டிய பணியும் உண்டு. மாணவர்கள் சிலர் அதைச் சுமையாக நினைக்கிறார்கள். சிவகங்கைச் சீமையில் தண்ணீர் சோதனை செய்து திரும்பிய என் மாணவி ஒருவர் அப்படி நினைக்கவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் எந்த மதிப்புரையும் முழுமையாகாது. 'நெட்' எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வு பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு முதல் முதுநிலை ஆய்வாளராக 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. இந்த உதவித்தொகையோடு வரும் மாணவரை எந்த நெறியாளரும் எழுந்து நின்று வரவேற்பார். அது இல்லாமல் வருபவரிடம் "அடுத்த முறை நெட் எழுதிவிட்டு வாங்க தம்பி" என்பார், அல்லது ஏதாவது திட்டத்தில் உதவியாளராகச் சேர்த்துக்கொள்வார். உதவித்தொகை இல்லாதவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் தரும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பாடு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உரியது; மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அது கிடையாது என்பதைப் பலர் சேர்ந்த பிறகே அறிகிறார்கள். தமிழ்நாடு அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வு நடத்துகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசின் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். இவற்றில் ஒன்றும் கையில் இல்லாமல், "சேர்ந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்கை நம்பி ஆய்வுக்கூட வேலையில் சேர்வதை நான் ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தனியார் பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்பவர்கள் இங்கே ஏராளம். பணிபுரியும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற்றால் மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டின் விதிகள் இதை அனுமதிக்கின்றன. வாரம் முழுவதும் வகுப்பு, விடைத்தாள், சேர்க்கைப் பணி என்று ஓடுபவருக்குச் சோதனை வேலைக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அன்று ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கும். கணினியிலேயே மாதிரி அமைத்துச் சோதித்துப் பார்க்கும் தலைப்பு என்றால் சமாளிக்கலாம், மற்றவற்றுக்கு முழுநேரமே சரி.

இந்த நெருக்கடியில்தான் ஆய்வேடு எழுதித் தரும் கடைகள் பிழைக்கின்றன. நகரில் தட்டச்சும் நூற்கட்டும் செய்து தரும் நேர்மையான கடைகள் பல இருக்கின்றன, அவற்றைச் சொல்லவில்லை. தலைப்பு முதல் தரவு வரை எல்லாம் தருகிறோம், ஒரு வாரத்தில் பன்னாட்டு இதழில் கட்டுரை வரும் என்று விலைப்பட்டியல் நீட்டும் இடங்களைச் சொல்கிறேன். அப்படி ஒரு கடையின் மாதிரிக் கட்டுரையை ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒரே வரைபடத்தை இரண்டு வெவ்வேறு சோதனைகளின் முடிவாக ஒட்டியிருந்தார்கள். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டின் விதிப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காட்டைத் தாண்டினாலே திருத்தித் தர வேண்டும், 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்து. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்ல வர மாட்டார்.

கால அளவையும் தெரிந்துகொண்டே சேர வேண்டும். 2022 விதிகளின்படி பாடப்பகுதியையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இதற்கு மேல் இன்னும் 2 ஆண்டுகள் தரலாம். பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள்கள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. மூன்றே ஆண்டில் முடித்துத் தருவதாகச் சொல்லும் நெறியாளரை நம்புவதற்கு முன் 'சோத்கங்கா' என்னும் இணைய ஆய்வேட்டுத் தொகுப்பில் அவருடைய பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். அவரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகள் அங்கே முழுமையாகக் கிடைக்கும். பதிவு செய்த ஆண்டுக்கும் சமர்ப்பித்த ஆண்டுக்கும் இடையே உள்ள தூரம், தரவில் எவ்வளவு அவர் கூடத்திலேயே எடுக்கப்பட்டது, நன்றியுரையில் எந்தெந்த வெளியூர்க் கூடங்களின் பெயர்கள் வருகின்றன என்று பார்த்தாலே பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். நெறியாளரை நேரில் பார்ப்பதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை இதற்குச் செலவிடும் மாணவர் அரிது.

சேர்க்கைக்கு இப்போது மூன்று வகைத் தகுதி உண்டு. 2024 ஜூன் முதல் தேசியத் தகுதித் தேர்வு எழுதுபவர்கள் உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் தகுதி பெறுபவர், பணிக்கும் சேர்க்கைக்கும் மட்டும் தகுதி பெறுபவர், சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுபவர் என்று பிரிக்கப்படுகிறார்கள். கடைசி இரு வகையினரின் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு ஓராண்டு மட்டுமே செல்லும். அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். தேர்வு ஜூன், டிசம்பர் சுழற்சிகளாக நடப்பதால், முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே டிசம்பர் தேர்வை எழுதிவிட்டு, முடிவு வருவதற்குள் காரைக்குடிக்கும் நாகமலைக்கும் ஒருமுறை போய் ஆய்வுக்கூடங்களைப் பார்த்து வருவது வசதி. போகும்போது மூத்த ஆய்வாளர்களைத் தனியாகச் சந்தித்து, உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, கடைசியாக முடித்த மாணவர் இப்போது எங்கே இருக்கிறார் என்ற இரண்டையும் கேட்டுவிட்டு வரலாம். நெறியாளரின் அறையில் இதற்கெல்லாம் நேரான பதில் கிடைப்பதில்லை.